வெள்ளைப்படுதல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: மாதத்தின் நடுவில் சில நாள் வழவழப்பாக, நூல் மாதிரி நீள்கிறது. நோயா?

இல்லை. கருமுட்டை வெளியாகும் நாளையொட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடும். அப்போது கருப்பை வாயில் சுரக்கும் சளி நீர்த்துப்போய், இரண்டு விரல்களுக்கிடையே இழுத்தால் அறுபடாமல் நீளும். விந்தணு உள்ளே போக வழி விடுவது அதுதான். அப்புறம் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் கூடியதும் கெட்டியாகி, குறைந்துவிடும். உள்ளாடையில் காய்ந்ததும் லேசாக மஞ்சளாகத் தெரிவதும் இயல்புதான்.

கேள்வி: வெள்ளைப்பட்டால் எலும்பு உருகுமாமே?

உருகாது. அசதி இருந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள்.

கேள்வி: தயிர்த் திப்பி போலப் படுகிறது, அரிப்பு தாங்கவில்லை. நானே மாத்திரை வாங்கிப் போடலாமா?

கேண்டிடா பூஞ்சையாக இருக்கலாம். ஆனாலும் காட்டிவிட்டுப் போடுங்கள். சாம்பல் நிறத்தில் தண்ணீராக, மீன் வாடையோடு வந்தால் அது பாக்டீரியா சமநிலை கெட்டதால் வருவது. பூஞ்சை மாத்திரைக்குக் கேட்காது. மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால், உடலுறவில் பரவும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உறுதியானால் துணைக்கும் சேர்த்தே மருந்து, இல்லாவிட்டால் திரும்ப வரும். பூஞ்சைத் தொற்று அடிக்கடி வந்தால் சர்க்கரையும் பாருங்கள்.

கேள்வி: பிறப்புறுப்பைக் கழுவ எந்த வாஷ் நல்லது?

எதுவும் வேண்டாம். வெளிப்புறத்துக்குத் தண்ணீர் போதும்.

இதற்கு ஒரு சகோதரி, "வருடக்கணக்காகக் கிருமிநாசினி கலந்து உள்ளேயும் கழுவுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று எழுதியிருக்கிறார். அடுத்த வரியிலேயே, கழுவாவிட்டால் இரண்டே நாளில் வாடை வந்துவிடுகிறது என்கிறார். அம்மா, அந்த வாடையைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா லாக்டிக் அமிலம் சுரந்து, அமிலத்தன்மையை பிஎச் 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கிறது. மற்ற கிருமிகளை அடக்குவது அந்த அமிலம். கழுவக் கழுவ அது குறைகிறது, வாடை கூடுகிறது, நீங்கள் மறுபடி கழுவுகிறீர்கள். நிறுத்திவிட்டு ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: வெந்நீர், உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு?

உள்ளே எதுவும் வேண்டாம். மேலே சொன்னதுதான்.

கேள்வி: அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று சில வருடம் ஆயிற்று. இப்போது இளஞ்சிவப்பாகப் படுகிறது.

இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் உட்சுவர் மெலிந்ததால் வருவதுதான். ஆனால் கருப்பைப் புற்றுநோய் இல்லையென்று பார்த்து உறுதி செய்யாமல் விடக்கூடாது.

கேள்வி: ஏழாம் மாதம். தண்ணீராக ஒழுகிக்கொண்டே இருக்கிறது.

பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். பனிக்குடம் உடைந்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

படம் அனுப்பியவர்களுக்கு: நிறத்தை வைத்து என்ன தொற்று என்று சொல்ல மாட்டேன். மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.