கல்லூரிக்கு வைத்த பணத்தில் ஹாஸ்டல் கட்டணம் கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் ஹாஸ்டலோடு இடம் கிடைத்திருக்கிறது. 7 ஆண்டுப் படிப்பு. வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன், இரவுப் பணியும் உண்டு. கட்டணம் என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அவள் கல்லூரிக்குச் சேர்த்த பணத்தை எடுத்துக் கட்டலாமா?

பதில்: எடுக்காதீர்கள், அம்மா. பள்ளி முடிகிற வருடம் அந்தப் பணம் கையில் இல்லையென்றால், இத்தனை வருடம் அவளைப் பிரிந்திருந்ததற்குப் பலனில்லாமல் போய்விடும்.

முதலில் முழுச் செலவையும் பாருங்கள். முதலாண்டுக் கட்டணம் 100 என்று வையுங்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் ஏழாம் ஆண்டில் அது 159 ஆகிவிடும். மொத்தம் 700 இல்லை, 892. கட்டண அட்டையில் வராத செலவும் இருக்கிறது: சீருடை, ஞாயிறு பூசைக்குத் தனி உடை, ஷூ, போர்வை, பெட்டி, ஒவ்வொரு விடுமுறைக்கும் போக வர. துண்டு, கைக்குட்டை வரைக்கும் சலவை எண்ணைத் தைத்து அனுப்பினாலும் ஒன்றிரண்டு காணாமல் போகத்தான் செய்யும். வளரும் வயசு வேறு, போன வருடச் சட்டை இந்த வருடம் பத்தாது. அதே சமயம் வீட்டில் அவளுக்கு ஆகும் சாப்பாடு, டியூஷன், வேன் செலவு மிச்சமாகும். அதையும் மறக்காமல் கழியுங்கள்.

அப்புறம், தலைமைச் சகோதரியை நேரில் பாருங்கள். சம்பளச் சீட்டையும் மாத வரவுசெலவையும் எடுத்துப் போய், கட்டணச் சலுகை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. 1800-இல் பிரான்சில் திருஇருதய சபை என்ற கன்னியாஸ்திரிகள் சபையைத் தொடங்கிய மதலேன் சோபி பாரா, கட்டணம் வாங்கிய விடுதிப் பள்ளிகளோடு ஏழைப் பெண் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகளையும் நடத்தினார். வசதி உள்ளவர் கட்டுவதில் இல்லாத வீட்டுப் பிள்ளையும் படிப்பது இந்தப் பள்ளிகளில் பழைய வழக்கம். சலுகை கிடைத்தால், அது ஒரு வருடத்துக்கா, ஏழு வருடத்துக்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி தருகிறோம் என்றாலும் முழு ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். விடியற்காலை மணி, மௌனமாகப் படிக்கும் நேரம், விளக்கணைத்த பிறகு வரும் வீட்டு நினைப்பு எல்லாம் முதல் பருவத்தில்தான் பிள்ளையைப் போட்டு வாட்டும். பாதியில் திரும்பி வந்தால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு, பருவம் பருவமாகக் கட்டுங்கள்.

சலுகை போகக் கட்டணம் உங்கள் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்குள் வந்தால் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். வரவில்லை என்றால், இரண்டு வருடம் கழித்து இடம் தருவார்களா என்று சகோதரியிடமே கேளுங்கள். அதுவரை, நீங்கள் இரவு வேலைக்குப் போகும் நாட்களில் அவளோடு துணைக்கு இருக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். அது போக மிச்சமாவதை வைப்பு நிதியில் போட்டு வந்தால், ஹாஸ்டலில் அவள் இருக்கப்போகும் 5 ஆண்டுகளுக்கு அதுவே கை கொடுக்கும். கல்லூரிப் பணத்தையும் தொட வேண்டி இருக்காது.