ஹோல்டனுக்குக் கொழுப்பா?

கேள்வி: சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' நாவலில் கதை சொல்லும் ஹோல்டன் கால்ஃபீல்ட் வசதியான வீட்டுப் பையன். பள்ளியிலிருந்து துரத்தப்பட்டு, நியூயார்க்கில் ஊர்சுற்றிக்கொண்டு எல்லோரையும் திட்டுகிறான். இது மனநோயா, விடலைக் கொழுப்பா?

பதில்: கொழுப்பு! 1951இல் நாவல் வந்ததிலிருந்து இதைச் சொல்கிறார்கள், இன்னும் ஓயவில்லை. இப்படிச் சொல்பவர்கள் ஐந்தாம் அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அதில் அறைத்தோழனுக்காக ஹோல்டன் ஒரு கட்டுரை எழுதுகிறான். வீட்டையோ அறையையோ வருணிக்க வேண்டும். அவனோ செத்துப்போன தம்பி ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி எழுதுகிறான். ஆட்டத்தின் நடுவே சும்மா நிற்கும்போது படிப்பதற்காக அந்தக் கையுறை முழுக்கப் பச்சை மையில் கவிதை எழுதி வைத்திருந்த பிள்ளை ஆலி. 1946 ஜூலையில் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டான், வயது 11. அன்று ராத்திரி ஹோல்டன் கார் ஷெட்டில் படுத்தான். அங்கிருந்த ஜன்னல் கண்ணாடி அத்தனையையும் வெறும் கையால் குத்தி உடைத்தான். அவனுக்கு 13 வயது. கைக்கு வைத்தியம் பார்க்க ஆஸ்பத்திரியில் கிடந்ததால் தம்பியை அடக்கம் செய்தபோதுகூட அவன் பக்கத்தில் இல்லை. மழை பெய்தால் அந்தக் கை இன்னமும் வலிக்கிறது. இதில் கொழுப்பு எங்கே ஐயா இருக்கிறது?

அதற்காக மனநோய் என்று எழுதித் தரவும் மாட்டேன். கதாபாத்திரங்களுக்கு நோய்ப் பெயர் சூட்டும் கருத்தரங்கக் கட்டுரைகளோடு இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். சாலிஞ்சர் நோயின் பெயரைச் சொல்லவில்லை. போரின் கடைசியில், 1945இல், மனம் தளர்ந்து நியூரம்பர்க் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர் அவர். எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஐந்தாவது அவென்யூவில் தெருவைக் கடக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் போய்ச் சேரமாட்டோம், காணாமல் போய்விடுவோம் என்று ஹோல்டனுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. ஆலியைக் கூப்பிட்டுக் கெஞ்சுகிறான், என்னை மறைய விடாதே என்று. கரை சேர்ந்ததும் தம்பிக்கு நன்றியும் சொல்கிறான். அவ்வளவு பெரிய ஊரில் அவன் பிடித்துக்கொள்ள ஒரு செத்த பிள்ளைதான் இருக்கிறது.

உயிரோடு இருக்கும் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? வரலாற்று வாத்தியார் ஸ்பென்சர், விடைபெற வந்த பையனிடம் அவன் கோட்டைவிட்ட விடைத்தாளைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். கதையின் முடிவில், கலிஃபோர்னியாவில் அவனைப் பார்க்கும் மனநல மருத்துவர்கூட, செப்டம்பரில் பள்ளி திறந்தால் ஒழுங்காகப் படிப்பாயா என்றுதான் கேட்கிறார். தம்பியைப் பற்றிக் கேட்டதாக ஹோல்டன் சொல்லவே இல்லை.

அப்புறம், கொழுப்பு என்று முத்திரை குத்தியவர்கள் நாவலையும் சும்மா விடவில்லை. 1960இல் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சாவில், இதை வகுப்பில் படிக்கச் சொன்ன ஆசிரியரை வேலையை விட்டே தூக்கினார்கள். முறையீடு செய்த பிறகு அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. புத்தகத்தை மட்டும் அந்தப் பள்ளிக்குள் விடவில்லை.