டிசம்பர்ல பிராக் நடந்து பாக்கணுமா, கேளுங்க

செக் நாட்டு தலைநகர் பிராக்ல ஆறு குளிர்காலம் இருந்துட்டேன், லீவு நாள்னாலே எனக்கு நடைதான். குளிர்ல வர்றவங்க என்ன வேணா கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: அண்ணா, கிறிஸ்துமஸுக்கு மூணு நாள் வர்றோம். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கலாம்?

பதில்: தம்பி, தூரத்த விடுங்க, வெளிச்சத்த கணக்கு பண்ணுங்க. டிசம்பர் கடைசில எட்டு மணிக்குதான் சூரியன் வரும், சாயங்காலம் நாலு மணிக்கே போயிரும். சார்லஸ் பாலத்துக்கு ஏழரைக்கே போயிருங்க, 1357ல நாலாம் சார்லஸ் ராஜா கட்ட ஆரம்பிச்சது, அரை கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல நீளம், ரெண்டு பக்கமும் சேத்து 30 சிலை, பத்து மணிக்கு மேல போனீங்கன்னா முன்னாடி போறவங்க முதுகுதான் தெரியும், அதே விடியக்காலைல வல்தாவா ஆத்துல இருந்து பனிமூட்டம் ஏறுறப்ப சிலையெல்லாம் கருப்பா ஆளுங்க நிக்கிற மாதிரியே இருக்கும், எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு சலிக்கல.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயசு, மூட்டு வலி. கோட்டை மேல ஏற முடியுமாங்க?

பதில்: ஏறவே வேணாம்மா. 22ஆம் நம்பர் டிராம்ல போய் போஹோர்ஜெலெட்ஸ் ஸ்டாப்ல இறங்குங்க, அங்க இருந்து கோட்டைக்கு லேசான இறக்கம். உள்ள விட்டுஸ் தேவாலயம், 1344ல ஆரம்பிச்சு 1929லதான் முடிச்சாங்க. அப்புறம் நெருடோவா தெருல இறங்குறப்ப வாசலுக்கு மேல பாத்துட்டே வாங்க, வீட்டுக்கு நம்பர் வர்றதுக்கு முன்னாடி அடையாளத்துக்கு வச்ச சின்னங்க இருக்கும், மூணு வயலின், ரெண்டு சூரியன்னு ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. ஆனா கல்லுல ஐஸ் கட்டியிருந்தா அம்மாவ அந்த சரிவுல இறக்காதீங்க, திரும்ப டிராம்தான்.

கேள்வி: ஷூ என்ன மாதிரி?

பதில்: அடில நல்லா வெட்டு இருக்கிற ரப்பர் சோல். புதுசா வாங்கினா ஊர்லயே ரெண்டு வாரம் போட்டு பழகிட்டு வாங்க.

கேள்வி: நாங்க சைவம் அண்ணா, சூடா என்ன கிடைக்கும்?

பதில்: பிரம்போராச்கான்னு உருளைக்கிழங்கு சூப், காளான் போட்டு அருமையா இருக்கும், கறித்தண்ணி சேத்துருக்கான்னு கேட்டுக்கோங்க. தெருவுக்கு தெரு கம்புல மாவ சுத்தி சுடுற டிர்டெல்னிக்ங்கிற இனிப்பு ரொட்டி நல்லாத்தான் இருக்கும், ஆனா பிராகோட பாரம்பரிய பண்டம்னு நம்பிராதீங்க.

கேள்வி: பழைய நகர சதுக்கத்துல இருக்கிற அந்த பழைய கடிகாரத்துக்காக குளிர்ல காத்து நிக்கலாமா?

பதில்: ஒரு தடவை நில்லுங்க. 1410ல செஞ்சது, மணிக்கு மணி பொம்மைங்க ஜன்னல்ல வந்து போகும், ஒரு நிமிஷம் கூட இருக்காது. முடிஞ்சதும் உடனே கிளம்பாதீங்க, பக்கத்துலயே தரைல வெள்ளைக் கல்லுல 27 சிலுவை பதிச்சிருக்கும், 1621ல அரசன எதிர்த்து எழுந்த 27 பேர அதே சதுக்கத்துல வச்சு கொன்னாங்க, அவங்களுக்காக. எல்லாரும் அண்ணாந்து கடிகாரத்தயே பாத்துட்டு அது மேல மிதிச்சுட்டு போறத பாத்தா எனக்கு மனசு கேக்காது, அதான் வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன்.

கேள்வி: சனிக்கிழமைதான் யூதர் பகுதிக்கு நேரம் இருக்கு, பரவால்லையா?

பதில்: சனிக்கிழமை மூடிருப்பாங்க அக்கா, வேற நாளுக்கு மாத்துங்க. பின்காஸ் ஜெபக்கூடத்து சுவர் பூரா நாஜிகள் கொன்ன ஏறக்குறைய 80,000 பேரோட பேர கையால எழுதியிருக்காங்க. அன்னைக்கு அதுக்கப்புறம் வேற எந்த இடமும் வச்சுக்காதீங்க, ஆத்தங்கரை பக்கத்துலதான் இருக்கு, அப்படியே கொஞ்ச தூரம் பேசாம நடங்க.