புதிதாக மேலாளராகியிருக்கிறேன். எந்தத் தலைமைப் பாணி சிறந்தது? ஊக்கத்தொகை கொடுத்தும் பணியாளர்களுக்கு ஏன் ஆர்வம் வருவதில்லை?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் பதவி கிடைத்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. நேற்றுவரை உங்களோடு அரட்டை அடித்தவர்கள் இன்று உங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறார்கள், சரிதானே? ஊகம் தவறென்றால் மன்னியுங்கள். நான் மேலாண்மை படித்தவன் அல்ல. பட்டம் பெற்றவர்கள் திருத்த வருவார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஒரு கிடங்கின் பேக்கிங் பிரிவில் பன்னிரண்டு பேருக்கு என்னை மேற்பார்வையாளராகப் போட்டார்கள். முதல் வாரமே ஒரு விதி வைத்தேன்: என் கையெழுத்து இல்லாமல் எந்தப் பெட்டியும் வெளியே போகக் கூடாது. முகவரி மாறிப்போன பெட்டிகளுக்காக எனக்கு முன்பிருந்தவர் வாங்கிக் கட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். தவறுகள் குறையத்தான் செய்தன. என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டுவந்த மூத்த பணியாளர் ஒருவர் 'சார்' என்று கூப்பிடத் தொடங்கினார். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

பிறகு காய்ச்சலில் நான்கு நாள் படுத்துவிட்டேன். திரும்பி வந்தால் என் மேசையைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குப் பெட்டிகள். டேப் ஒட்டி, சீட்டு செருகி, எல்லாம் கையெழுத்துக்காகக் காத்திருந்தன. மேலே இருந்த பெட்டியில் கதவு எண் தவறு. மூத்தவரிடம் காட்டினேன். "அன்றைக்கே பார்த்துவிட்டேன் சார். எப்படியும் நீங்கள் பார்ப்பீர்களே என்று விட்டுவிட்டேன்" என்றார். குரலில் கிண்டலே இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

இதை 1939இலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பத்து வயதுச் சிறுவர்களைக் குழுக்களாக்கி, முகமூடி செய்வது போன்ற வேலைகளைக் கொடுத்தார்கள். அதிகாரம் செலுத்திய தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை படுத்துவிட்டது. தலைவர் கலந்து பேசி நடத்திய குழுவில் அவர் போன பிறகும் ஏறக்குறைய அப்படியே நடந்தது. 'சிறுவர்களும் ஊழியர்களும் ஒன்றா?' என்று கேட்பீர்கள். ஒன்றல்லதான். ஆனால் என் மேசையைச் சுற்றி நின்ற பெட்டிகளை நான் பார்த்தேனே!

ரோஷத்தில் மறுகோடிக்குப் போனேன். "இனி எல்லாம் உங்கள் பொறுப்பு" என்று ஒதுங்கிவிட்டேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்களுக்கு எந்தப் பொருளுக்கு எந்த அளவுப் பெட்டி என்றே தெரியாது. இரண்டு வாரத்தில் உடைந்த பொருள்கள் திரும்பி வர ஆரம்பித்தன. லெவினின் சோதனையிலும் தலைவர் கண்டுகொள்ளாமல் விட்ட குழுதான் குறைவாக வேலை செய்தது.

கடைசியில் கையெழுத்துப் போடும் உரிமையை மூத்தவரிடமே கொடுத்தேன். திரும்பி வரும் பெட்டியும் முதலில் அவரிடமே போகும். பையன்கள் பக்கத்தில் மட்டும் ஒரு மாதம் நானே நின்று, இப்படிச் செய், அப்படிச் செய்யாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே அறையில், ஒரே நாளில் இரண்டு பாணி. ஆகவே எந்தப் பாணி சிறந்தது என்று கேட்டால், யாருக்கு என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

ஊக்கத்தொகை விஷயத்துக்கு வருகிறேன். ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959இல் சொன்னது இது: சம்பளமும் பணிச்சூழலும் மோசமாக இருந்தால் மனக்குறை வரும், அவை சரியாக இருப்பதால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது. சாதித்த நிறைவு, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவற்றிலிருந்துதான் அது வரும். உடனே, சம்பளம் முக்கியமில்லை என்று நான் சொல்வதாகக் கிளம்ப வேண்டாம். சம்பளத்தைக் குறைத்துவிட்டுக் கைதட்டும் முதலாளிகளை எனக்கும் தெரியும். ஹெர்ஸ்பெர்க்கின் ஆய்வு முறையைக் குறை சொன்னவர்களும் உண்டு.

அங்கீகாரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பத்து ஆண்டுப் பணிக்காக எனக்கு மேடையில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம், தங்க நிற எழுத்து. அதில் என் தகப்பனார் பெயர் பிழையாக இருந்தது. பத்து ஆண்டுகளாக மாதந்தோறும் சம்பளச் சீட்டில் சரியாக அச்சான அதே பெயர்! திருத்தித் தரச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். அடுத்த விழாவில் பார்க்கலாம் என்றார்கள். சட்டம் இன்னும் அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது.