பட்டறைக் கேள்வி: அணு நடக்கும்போது பஃப் எதற்கு?

கேள்வி: அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு. உப்புக் கரைசலில் மூழ்கிய உலோகத்தில் மேட்டு அணுக்கள் தாமே நகர்ந்து பள்ளத்தை நிரப்பும் என்று படித்தேன். சொன்னால் அப்பா சிரிக்கிறார். உண்மையா? உண்மையென்றால் பஃப் (சுழலும் துணிச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது) எதற்கு?
— மாணவி, குகை, சேலம்

பதில்: ரெண்டு பேர் சொல்வதும் சரிதான் கண்ணு. முலாம் தொட்டியோடு 28 வருஷம் மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்.

வெள்ளிக்கு உள்ளே இருக்கும் அணுவைச் சுற்றி 12 பேர் ஒட்டி நிற்கிறார்கள். நெருக்கமாக அடுக்கிய பரப்பில் 9 பேர். ஓர் அணு உயரமே உள்ள படியின் முனையில் 6. மேலே தனியாகக் குந்தியிருப்பதற்கு வெறும் 3. ஏற்காடு பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது உள்ளே நசுங்கி நிற்பவன் அசைய மாட்டான், படிக்கட்டில் தொங்குகிறவன்தான் ஆடுவான். அந்தக் கதைதான். பிடிமானம் குறைந்த அணு பரப்பின் மேலேயே ஊர்ந்து, பிடிமானம் கூடுதலான ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

திரவம் இதற்கு உதவுகிறது. தங்கத்தின் மேல் குளோரைடு ஒட்டினால் அணுக்களுக்குச் சுறுசுறுப்பு வந்துவிடும். மின்னழுத்தத்தை நேர்ப்பக்கம் கூட்டினால் இன்னும் வேகம், ரொம்பக் கூட்டினால் தங்கமே கரையும். உலையில் வைத்துச் செய்கிற காரியம் அறை வெப்பத்திலேயே நடக்கிறது. இது ஊகம் இல்லை. 1981-இல் பின்னிக், ரோரர் என்ற விஞ்ஞானிகள் செய்த, ஊசி முனையால் பரப்பைத் துழாவும் நுண்ணோக்கி, 1986-இல் தண்ணீருக்குள்ளேயே அணுக்களைக் காட்டிவிட்டது.

இப்போது அப்பாவின் சிரிப்புக்கு வருவோம். மேடு சமமாக ஆகும் நேரம், மேட்டின் அகலத்துடைய நான்காம் அடுக்கில் ஏறும் என்று 1959-இல் முல்லின்ஸ் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டார். அகலம் 2 மடங்கானால் நேரம் 16 மடங்கு. 10 நானோமீட்டர் மேடு ஒரு விநாடியில் கரைகிறது என்று வைத்துக்கொள். அரம் இழுத்த கீறல் 10 மைக்ரோமீட்டர், அதாவது 1,000 மடங்கு அகலம். அதற்கு 31,000 வருஷத்துக்கு மேல் ஆகும். தீபாவளி ஆர்டர் அதுவரை காத்திருக்குமா?

பஃபைச் சுருக்கமாக முடித்துவிட்டு, முலாம் தொட்டியில் மின்னோட்டத்தைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்று நானும் ஒருமுறை பார்த்தேன். மேட்டில்தான் மின்னோட்டம் குவியும், வெள்ளியும் அங்கேயே போய் ஏறியது. ஓரமெல்லாம் கருகி, தொட்டால் பொடி. ஒரு கட்டுக் கொலுசை உருக்கத்தான் வேண்டியதாயிற்று.

கீறலைத் திரவத்திலேயே போக்க வேண்டுமென்றால் கொலுசை நேர்முனையில் மாட்டி மின்மெருகு போட வேண்டும். அப்போது மேடு முதலில் கரையும். சயனைடு தொட்டி என்பதால் அமிலம் பக்கத்திலேயே வரக்கூடாது, வந்தால் விஷவாயு. இன்னொன்று, கரைவது வெள்ளி. எடை குறையும். அதை அப்பாவிடம் நீயே சொல்லிக்கொள்.