'ஃபுட்சூ' என்றால் 14: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். பசியை அளக்க 'ஸ்னாக்' என்ற நாலு கேள்விப் படிவம் தந்திருக்கிறார்கள். மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடும் 82 வயதுப் பாட்டிக்கு 14 வந்து, 'ஆபத்து' பட்டியலில் சேர்ந்துவிட்டார். படிவம் தவறா, நான் கேட்ட விதம் தவறா?

பதில்: இரண்டும் தவறில்லை. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

நான்கு கேள்விகள்: பசி எப்படி இருக்கிறது, எவ்வளவு சாப்பிட்டதும் வயிறு நிறைகிறது, சாப்பாடு ருசிக்கிறதா, நாளைக்கு எத்தனை வேளை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 4 முதல் 20. 14-ம் அதற்குக் கீழும் வந்தால், அடுத்த ஆறு மாதத்தில் எடையில் 5 சதவீதமாவது குறைய வாய்ப்பு அதிகம் என்று பொருள். 2005-இல் அமெரிக்காவில் வெளியான படிவம் இது. பிறகுதான் ஜப்பானிய மொழிக்கு வந்தது.

உங்கள் பாட்டி பசிக்கு 'ஃபுட்சூ', அதாவது 'சாதாரணம்' என்றிருப்பார்: 3. பெரும்பகுதி சாப்பிட்டதும் நிறைகிறது: 4. ருசியும் 'ஃபுட்சூ': 3. மூன்று வேளை: 4. கூட்டினால் 14! எந்தக் குறையும் சொல்லாத மனிதர் சரியாகக் கோட்டின் மேல் வந்து நிற்கிறார். நடுவில் இருக்கும் விடையைத் தொடுவது ஜப்பானிய முதியவர்களிடம் சகஜம். சமைத்துப் போடுகிறவர் எதிரே நிற்கும்போது "ருசியில்லை" என்று சொல்லவும் மாட்டார்கள். அதனால் உணவுக்கூடத்தில், தட்டு முன்னால் இருக்கும்போது கேட்காதீர்கள். அறையில், சாப்பாட்டுக்கு முன்போ பின்போ ஒரு மணி நேரம் தள்ளிக் கேளுங்கள். ஐந்து விடைகளையும் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி நீட்டி, அவரே விரல் வைக்கட்டும். "நல்லாத்தானே சாப்பிடுறீங்க?" என்று ஆரம்பித்தால் விடை உங்களுடையதாகிவிடும்.

இரண்டாவது கேள்வியில் இன்னொரு சிக்கல். 'ஹரா ஹாச்சிபு', வயிறு பத்தில் எட்டுப் பங்கு நிறைந்ததும் நிறுத்து என்பது அங்கே பழைய பழக்கம். "எப்போது நிறுத்துவீர்கள்" என்று கேட்டால் அந்தப் பழக்கத்தைச் சொல்வார். "எப்போது வயிறு நிறைகிறது" என்று கேட்டால்தான் உடல் பதில் சொல்லும். நம் 'பசி'யும் இங்கே காலை வாரும். ஜப்பானியர் கேட்பது 'ஷொகுயோகு', உண்ணும் ஆசை. வயிறு கிள்ளுவதற்கு வேறு சொல் உண்டு. மனதுக்குள் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டு கேட்டால் இரண்டும் குழம்பிவிடும். நான்காவது கேள்வி இல்லத்தில் கிட்டத்தட்ட வீண்: மூன்று வேளை பரிமாறினால் எல்லோரும் மூன்று வேளைதான்.

14-ஐ நோயின் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடைக் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கச் சொல்லும் மணி அது. பாட்டி 42 கிலோ என்றால் 5 சதவீதம் 2.1 கிலோதான். கால் வீங்கியிருந்தால் தேங்கிய நீர் அந்த இழப்பை மறைத்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். எடை நிலையாக இருந்து, 'ஃபுட்சூ' மட்டுமே காரணம் என்றால் அடுத்த மாதம் மறுபடி கேட்டால் போதும். இதே 14, பசிக்கு 2, ருசிக்கு 4 என்ற வழியில் வந்திருந்தால் நான் காத்திருக்க மாட்டேன். பல்செட், வாய் வறட்சி, மலச்சிக்கல், மனச்சோர்வு, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று அன்றே தேடத் தொடங்குவேன்.

கேள்வி: மறதி நோய் உள்ளவரிடம் இதைக் கேட்கலாமா?

பதில்: ஆரம்ப நிலையில் கேட்கலாம். காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில் இல்லாதவரிடம் கேட்டு எண் போடுவதில் பயனில்லை. அங்கே ஊட்டச்சத்து நிலையை அளக்கும் 'எம்.என்.ஏ.' சுருக்கப் படிவம் உதவும்: கடந்த மூன்று மாதத்தில் சாப்பாடு குறைந்ததா என்று தொடங்கும், பராமரிப்பவரே பதில் சொல்லலாம். மொத்தம் 14; 12-ம் அதற்கு மேலும் நலம், 8 முதல் 11 ஆபத்து, 7-ம் கீழும் ஊட்டக்குறை. இந்த 14-ஐ ஸ்னாக்கின் 14-ஓடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அர்த்தம் நேர் எதிர்.

அதோடு நீங்கள் தினமும் எழுதும் 'வாரி' கணக்கு, பத்தில் எத்தனை பங்கு உண்டார் என்பது, பெரிய ஆதாரம். சோற்றையும் பக்க உணவையும் தனித்தனியாக எழுதுங்கள். சோறு 10, மீனும் டோஃபுவும் 3 என்றால் சராசரி 6 அல்லது 7 என்று அழகாகத் தெரியும், புரதம் போயிருக்காது. மறதி நோய்க்கான டோனெபெசில் மாத்திரை தொடங்கிய வாரங்களில் இந்த எண் சரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். குமட்டலும் பசியின்மையும் அதன் தெரிந்த பக்கவிளைவுகள்.

கேள்வி: வீட்டில் இருக்கும் முதியவர்களுக்கு?

பதில்: 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 2020 ஏப்ரல் முதல் 15 கேள்விப் படிவம் ஒன்று உண்டு. மூன்று வேளை சாப்பிடுகிறாரா, உலர்ந்த கணவாய், தக்குவான் முள்ளங்கி ஊறுகாய் போன்ற கெட்டியானவற்றை மெல்லச் சிரமமா, தேநீரோ சூப்போ குடிக்கும்போது புரையேறுகிறதா, ஆறு மாதத்தில் 2-3 கிலோ குறைந்ததா என்றெல்லாம் கேட்கும். பசியை நேரடியாகக் கேட்காது. அந்த இடத்தில் ஸ்னாக்கைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆகஸ்டில் எடுத்ததை ஆகஸ்டோடு ஒப்பிடுங்கள், நவம்பரோடு அல்ல. கோடைச் சோர்வில் பசி மந்தமாவது அங்கே வழக்கம், அதற்கு 'நட்சுபாதே' என்று தனிப் பெயரே இருக்கிறது.