துப்பாக்கியால் சுட்ட பட்டாம்பூச்சி

கேள்வி: உலகிலேயே பெரிய பட்டாம்பூச்சியை முதன்முதலில் துப்பாக்கியால் சுட்டுத்தான் பிடித்தார்களாம். பள்ளியில் கேட்டுவிட்டு வந்து என் மகன் சொல்கிறான். நிஜமா? இப்போது அதைப் பிடிக்கத் தடை இருக்கிறதே, இனி பிழைத்துக்கொள்ளும்தானே?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: பையன் சொன்னது நிஜம்தான் அம்மா. 1906-ல் ஆல்பர்ட் மீக் என்ற சேகரிப்பாளர் நியூ கினித் தீவில் அதைச் சுட்டு வீழ்த்தினார். மரங்களின் உச்சியில் பறப்பதை வலை வீசிப் பிடிக்க முடியவில்லை. குண்டு துளைத்த அந்தப் பூச்சி இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மறு வருடம் அதற்கு இங்கிலாந்தின் அலெக்சாண்ட்ரா ராணியின் பெயரை வைத்தார்கள். பெண் பூச்சி இறக்கை விரித்தால் 25 செ.மீ.க்கு மேல், கிட்டத்தட்ட நாம் சாப்பிடும் தட்டின் அகலம். நீலமும் பச்சையுமாக மின்னும் ஆண், அதைவிடச் சிறியது.

இரண்டாவது கேள்விக்குத்தான் என்னால் சட்டென்று 'ஆமாம்' சொல்ல முடியவில்லை. பிடிக்கக் கூடாது என்ற சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. பன்னாட்டு வணிகத்துக்கும் தடை. ஆனால் இந்தப் பூச்சியின் உயிர் ஒரு கொடியில் இருக்கிறது. நம் ஊர் ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை இனத்தைச் சேர்ந்த கொடி அது. மரத்தைப் பற்றிக்கொண்டு 40 மீட்டர் வரை ஏறும். பெண் பூச்சி அதில்தான் முட்டையிடும். பொரித்து வரும் புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்னும், அப்புறம் இளந்தளிர். ஆறு வாரம் போல் தின்று கூட்டுப்புழுவாகிவிடும். அதற்கப்புறமும் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து, காற்றில் ஈரம் நிறைந்த விடியற்காலையில் வெளியே வரும். வெயில் ஏறிவிட்டால் இறக்கை விரியும் முன்பே காய்ந்துவிடுமே!

என் வீட்டு வேலியில் ஈஸ்வரமூலி படர்ந்திருக்கிறது. அதில் ரோஜா அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு வரும். கருஞ்சிவப்பு உடம்பு, முள் போன்ற சிவப்பு முண்டுகள், நடுவில் இடுப்புப் பட்டி கட்டியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. அந்தப் பெரிய பட்டாம்பூச்சியின் புழுப் படத்தை முதலில் பார்த்தபோது நம் வேலிப் புழுவைப் பெரிதாக்கியதுபோலவே இருந்தது. ஆடுகூடத் தீண்டாத அந்தக் கொடிகளின் நஞ்சை இரண்டு புழுக்களும் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுபடி கிட்டே வராது.

பறவையிடம் தப்பித்தது, காட்டை வெட்டுகிறவர்களிடம் தப்ப முடியவில்லை. உலகத்திலேயே பப்புவா நியூ கினியின் ஓரோ மாகாணத்தில் மட்டும்தான் இது வாழ்கிறது. 1951-ல் லாமிங்டன் எரிமலை வெடித்து ஏறக்குறைய 3,000 மனிதர்கள் மாண்டார்கள். இந்தப் பூச்சி வாழும் காட்டில் சுமார் 250 சதுர கி.மீ. அழிந்தது. எரிமலை தின்ற காடு திரும்ப முளைக்கும். எண்ணெய்ப் பனை நட்ட இடத்தில் கொடி ஏற மரம் ஏது? அதனால் அங்கே கொடியை நட்டு வளர்க்கவும் முயல்கிறார்கள். வலையைத் தடுப்பதைவிட இந்த வேலையைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன்.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். இதன் உறவுக்காரி பொன்னழகி, தென்னிந்தியாவிலேயே பெரிய பட்டாம்பூச்சி, உங்கள் மலையடிவாரத்திலேயே பறக்கிறது. கறுப்பு முன்னிறக்கை, மஞ்சள் பின்னிறக்கை. மழை விட்ட காலையில் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் ஈஸ்வரமூலி இருந்து, இலையெல்லாம் கடிபட்டிருந்தால், தயவுசெய்து மருந்து அடித்துவிடாதீர்கள்.